கடல் கடந்த சுருட்டு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறியவர்களுக்கு, தம்மைப் போலவே ஊர் விட்டு வந்த எதைக் கண்டாலும் ஒரு பரிவு உண்டாகிறது. வால்டேர்க் காலனியில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினருக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய முருங்கைக் கொம்பு நம் வீட்டுக் கொல்லையில் தழைத்தால், அதனை நாம் மரமாக எண்ணுவதில்லை, உறவாகவே எண்ணுகிறோம். மனிதரும் மரமும் இடம் பெயர்வது போலவே சொற்களும் இடம் பெயர்கின்றன. தமிழ் மண்ணில் தோன்றிக் கப்பலேறிச் சென்று, பிற மொழிகளில் நிலையாகக் குடியேறிவிட்ட சொற்கள் பல. அவற்றுள் இரண்டினைப் பற்றி இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விரும்புகிறோம். ஒன்று சுருட்டு, மற்றொன்று கட்டுமரம்.

இவற்றைப் பற்றி எழுதும் எண்ணம் எங்களுக்குக் கடற்கரை மணலிலே தோன்றியது. ஆண்டுதோறும் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமையன்று, சங்கத்து நண்பர்கள் சிலர் பீமுனிப்பட்டினத்திற்குச் சென்று தூண்டிலிட்டு மீன் பிடித்து வருவது வழக்கம். விசாகப்பட்டினத்திற்கு வடக்கே, கோஸ்தனி ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் அங்கே வணிகத்தலம் அமைத்தனர். 1825-ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. வாணிபம் செய்ய வந்து ஊர் திரும்பாமலே மாண்டுபோன டச்சுக்காரரின் கல்லறைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. வேற்றூரில் வாழும் நாங்கள் அவற்றைக் கடந்து செல்லும்போதெல்லாம் சற்றே பேச்சடங்கி நடப்போம்.

ஆற்றுமுகத்திற்குச் சிறிது தெற்கே, பொழுது புலருமுன் மணலில் இறங்குவோம். நைலான் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு ஒன்றையும், அதற்கு மேலே இரண்டு தூண்டில் முட்களையும் கட்டி, இறால் துண்டினை இரையாகக் கோத்து, தலைக்கு மேல் சுழற்றி அலைக்கு அப்பால் எறிவோம். எறிந்தபின் நரம்பை ஆட்காட்டி விரலில் தாங்கிக்கொண்டு காத்திருப்பதே வேலை. கிழங்கான் கடித்தால் விரலில் சிறு துடிப்பு. கெளிறு கடித்தால் வலிய இழுப்பு. பெரும்பாலும் இரண்டும் இல்லாமல் கடல் சும்மா இருக்கும். மீன் பிடிக்கச் செல்வோரில் பலர் உண்மையில் இந்தச் சும்மா இருத்தலை நாடியே செல்கின்றனர் என்பது எங்கள் கருத்து.

காத்திருக்கும் அவ்வேளைக்கென்றே எங்களுள் மூத்தவர் ஒரு மரப்பெட்டி கொண்டு வருவார். அவர் உறையூர்க்காரர், ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு பெட்டி உறையூர்ச் சுருட்டு வாங்கி வந்து, அதனை இந்த ஒரு நாளுக்காகப் பத்திரப்படுத்தி வைப்பார். கடற்காற்றில் சுருட்டுப் பற்றவைப்பது எளிதன்று. இருவர் மேல்துண்டை விரித்துத் திரையாகப் பிடிக்க, ஒருவர் தீக்குச்சி கிழிக்க, மற்றொருவர் கன்னம் குழிய இழுக்க, பாதித் தீப்பெட்டி தீர்ந்த பின்னரே ஒரு சுருட்டுப் பற்றும். பற்றியபின் அதன் காரமான மணமும் கடலின் உப்பு மணமும் கலக்கும். பெரியவர் தம் எஞ்சின் கதைகளைத் தொடங்குவார். அந்த இன்பத்தை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. அதன் விலையையும் மறைக்கப் போவதில்லை. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு நாங்கள் தீக்குச்சியோடு போராடிக்கொண்டிருந்தபோது, மீன் வாங்கக் காத்திருந்த ஒரு முதிய மீனவப் பெண் எங்களைப் பார்த்து நகைத்தார். அவர் வாயிலும் புகையிலைச் சுருள் ஒன்று இருந்தது. ஆனால் நெருப்புக் கண்ணுக்குத் தெரியவில்லை. நெருப்பு முனை வாய்க்குள்ளே இருந்தது! “உங்கள் சுட்டயில் பாதியைக் காற்றுக் குடிக்கிறது, என் சுட்டயைக் காற்றும் தொடாது, அலைத்துளியும் தொடாது” என்று தெலுங்கில் சொல்லி, அதனை வெளியே எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் நெருப்பை உள்ளே வைத்துக்கொண்டார். எங்களுள் சிலர் வியந்தோம், சிலர் அஞ்சினோம்.

அப்பேச்சிலிருந்தே வழக்கு எழுந்தது. “சுருட்டு என்பது தமிழ்ச் சொல். அதையே ஆங்கிலேயன் செரூட் என்று கொண்டு போனான். உலகத்துக்குச் சுருட்டைக் கொடுத்தது தமிழன்” என்றார் எங்களுள் ஒருவர். உடன் வந்திருந்த தெலுங்கு நண்பர், “பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், இலை எங்கள் கோதாவரி லங்கையில் விளைந்தது அல்லவா?” என்றார். தூண்டில் சும்மா இருந்தமையால் வாதம் உச்சிவேளை வரையில் நீண்டது. தீர்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. அதன்பின் கிடைத்த நூல்களைப் புரட்டியும் அறிந்தோரைக் கேட்டும் நாங்கள் தெளிந்ததை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

முதலில் இலையின் கதை. புகையிலை தமிழருடையதும் அன்று, தெலுங்கருடையதும் அன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸுடன் கடல் கடந்து சென்ற மாலுமிகள் அங்கிருந்த மக்கள் அதனைப் புகைத்ததைக் கண்டனர். பின்னர்ப் போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தது. 1604-05-ஆம் ஆண்டளவில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் என்பவர் அதனை அக்பரின் அரசவையில் அறிமுகம் செய்தார். 1617-ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் அதற்குத் தடை விதித்தார். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பேரரசன் தடுக்க வேண்டிய அளவுக்கு ஓர் இலை பரவியது என்றால், அதன் வேகத்தை நாம் உணரலாம். அரசன் ஆணை தோற்றது, இலை வென்றது.

சங்க நூல்கள் வெற்றிலையையும் மிளகையும் அறியும், புகையிலையை அறியா. உறையூர் சோழர் தலைநகராக விளங்கிய காலத்தில் அங்கே சுருட்டு இல்லை. இதனைச் சொல்வது நம் பெருமையைக் குறைப்பதாகாது. வந்த பொருளுக்கு நம் முன்னோர் அயல்மொழிப் பெயரை அப்படியே ஏற்காமல், அதன் இயல்பைக் கண்டு பெயரிட்டனர். புகை தரும் இலை ஆதலின் புகையிலை. தெலுங்கரும் அவ்வாறே புகை, இலை என்னும் பொருள்படும் தம் சொற்களைச் சேர்த்துப் பொகாகு என்றனர். வடநாட்டில் தம்பாகு என்று போர்த்துக்கீசியப் பெயரே தங்கிவிட, தென்னாட்டு மொழிகள் இரண்டும் வந்த விருந்தாளிக்கு ஒரே பெயரைச் சூட்டின.

இனிச் சொல்லின் கதை. சுருள், சுருட்டுதல் என்பவற்றோடு உறவுடையது சுருட்டு. இலையை நீளவாக்கில் சுருட்டி, மேலே நல்ல இலை ஒன்றைச் சுற்றி, இருமுனையையும் ஒன்றுபோல் வெட்டிவிட்டால் சுருட்டு ஆயிற்று. மேனாட்டுச் சிகார் ஒரு முனை மூடியிருக்கும். பிடிப்பவர் அதனை வெட்டிக்கொள்ள வேண்டும். நம் சுருட்டு இருபுறமும் திறந்தது, வடிவமும் எளியது, விலையும் எளியது. கிழக்கிந்தியக் கம்பெனி நாள்களில் இங்கே வந்த ஆங்கிலேயர் பொருளோடு பெயரையும் எடுத்துக்கொண்டு அதனைச் செரூட் என்றனர். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்பவரும் யூல் என்பவரும் தொகுத்து, 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் அகராதி, இச்சொல் தமிழிலிருந்து வந்தது என்று காட்டுகிறது.

போர்த்துக்கீசிய மொழியில் சிகாருக்குப் பெயர் சருத்து. அச்சொல்லும் நம் சுருட்டின் வழிவந்ததே. போர்த்துக்கீசியம் பேசும் பிரேசில் நாட்டிலும் இன்றுவரை அதுவே வழங்கி வருகிறது. பிரேசில் எங்கே இருக்கிறது? புகையிலை பிறந்த அமெரிக்கக் கண்டத்திலே! அக்கண்டத்திலிருந்து இலை நமக்கு வந்தது. நம்மிடமிருந்து சொல் அக்கண்டத்திற்குச் சென்றது. கடல் வாணிபத்தில் இதைவிட நேரான கொடுக்கல் வாங்கலை நாங்கள் கண்டதில்லை.

தெலுங்கில் சுட்ட என்பது எங்கிருந்து வந்தது? நாம் சுற்று என்பதைத் தெலுங்கர் சுட்டு என்பர். சுற்றப்பட்டது சுட்ட. ஆகவே நம் சுருட்டும் அம்மூதாட்டியின் சுட்டயும் ஒரே தொழிலைக் குறிக்கும் இரு பெயர்கள். கைகள் இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. நாக்குகள் இரண்டும் தத்தம் வழியில் அதனைச் சொல்லின.

அடுத்து, விளைந்த இடமும் சுருட்டிய இடமும். தமிழ்நாட்டில் சுருட்டுக்குரிய புகையிலைக்குப் பெயர் பெற்றது திண்டுக்கல் வட்டாரம். அங்கே வேடசந்தூரில், சிகாருக்கும் சுருட்டுக்கும் உரிய புகையிலையை ஆராய்வதற்கென்றே 1948-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. உறையூரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சுருட்டுச் சுற்றினர். ஊர்ப்பெயரே சரக்கின் பெயராகித் திருச்சினாப்பள்ளி என்றாலே இலண்டனில் சுருட்டு என்று பொருளாயிற்று. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதையை 1887-ஆம் ஆண்டில் கோனன் டாயில் வெளியிட்டார். அதில் கொலையாளி புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்பதைச் சாம்பலைக் கொண்டே ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார்.

இத்துடன் நிறுத்தினால் தமிழர் பக்கம் வழக்கு வென்றதாகிவிடும். ஆனால் 1890-ஆம் ஆண்டில் வெளிவந்த அடுத்த கதையில், சாம்பலைக் கொண்டு சுருட்டு வகையை அறிவதைப் பற்றி அதே ஹோம்ஸ் பேசும்போது, திருச்சினாப்பள்ளியோடு லங்கா என்னும் மற்றோர் இந்தியச் சுருட்டையும் குறிப்பிடுகிறார். லங்கா எது? கோதாவரி கடலை நெருங்குமிடத்தில் ஆற்றின் நடுவே உள்ள மணல் தீவுகளைத் தெலுங்கர் லங்க என்பர். வெள்ளம் வடிந்தபின் வண்டல் படிந்த அம்மண்ணில் விளையும் புகையிலை, தடித்து, காரம் மிகுந்து, சுட்டக்கு மிக ஏற்றதாக இருக்கும். அச்சுருட்டுக்கே ஆங்கிலேயர் அத்தீவின் பெயரை இட்டனர். நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ராஜமகேந்திரவரத்துப் பாலத்தின் மேல் வண்டி மெதுவாகச் செல்லும். குழந்தைகள் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு கீழே நோக்குவார்கள். அப்போது ஆற்றிடையே பசுமையாகத் தோன்றும் திட்டுகள் இந்த லங்கைகளே. 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு 1997-ஆம் ஆண்டு வரையில் வண்டிகளைத் தாங்கிய ஹேவ்லாக் பாலம், இன்று ஓய்வு பெற்று அருகில் நிற்கிறது.

ஆக, துப்பறிவாளன் ஒருவன் வாயில் திருச்சியும் கோதாவரியும் ஒரே மூச்சில் இடம் பெற்றுவிட்டன. அக்காலத்தில் இரண்டும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமையும்வரை அவ்வாறே இருந்தன. எங்கள் கடற்கரை வழக்குக்குத் தீர்ப்பு இதுவே: இலை அயலாருடையது, சொல் தமிழருடையது, மண் இருவருடையது. தெலுங்கு நண்பரிடம் இதனைச் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டு, செலவுக்கு ஒரு காபி வாங்கித் தந்தார்.

சுருட்டின் துணையாகிய கட்டுமரத்தையும் இங்கே மறத்தல் ஆகாது. உலகம் சுற்றிய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கட்டிய மரம் கட்டுமரம். அதில் ஆணி இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவர். உலராவிடில் நீர் ஊறிக் கனத்துவிடும். இவ்வாந்திரக் கரையில் அதனைத் தெப்ப என்பர். கோயில் தெப்பத்தை அறிந்த நமக்கு அச்சொல் அந்நியமன்று. அமெரிக்காவில் 1876-ஆம் ஆண்டில் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு உடல்களை இணைத்து ஒரு விரைவுப் படகு செய்து பந்தயத்தில் வென்றார். அத்தகைய இரட்டைப் படகுகளுக்கும் கேட்டமரன் என்ற பெயரே வழங்கலாயிற்று. இன்று செல்வர்கள் உல்லாசமாகச் செல்லும் படகுக்கு அப்பெயர். அதனை முதலில் கட்டியவரோ ஓர் ஏழை மீனவர்.

சுருட்டுக்கும் இதே கதிதான். 1880-களில் சிகரெட் சுற்றும் இயந்திரம் தோன்றிற்று. இயந்திரத்தின் வேகத்தைக் கை எட்டிப் பிடிக்க இயலாது. ஒருபுறம் சிகரெட், மறுபுறம் பீடி. இரண்டுக்கும் நடுவே உறையூர்ச் சுருட்டு நெருக்குண்டு தேய்ந்தது. எண்ணிக்கைக்குக் கூலி பெற்றுச் சுற்றியவர்கள் தம் பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்பினர். எங்கள் பெரியவரின் பாட்டனாரும் சுருட்டுச் சுற்றியவரே. அவர் தந்தை பொன்மலை ரயில்வேப் பட்டறைக்குச் சென்றார். இவர் எஞ்சின் ஏறி வால்டேருக்கு வந்தார். அவர் அந்த மரப்பெட்டியை ஏன் அத்தனை பரிவோடு சுமந்து வந்தார் என்பது எங்களுக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

இப்பொழுது விலையைச் சொல்ல வேண்டும். நெருப்பை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கத்தை இப்பகுதியில் அட்டபொக என்பர். விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில், சிறப்பாகப் பெண்களிடையே, இப்பழக்கம் மிகுதி. 1960-களிலிருந்து மருத்துவர்கள் இங்கே ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். வேறிடங்களில் அரிதாகக் காணும் மேலண்ணப் புற்றுநோய், இவ்வாறு புகைப்பவரிடம் மிகுதியாக இருப்பதை அவர்கள் கண்டனர். அனலும் புகையும் ஒன்றாகச் சென்று அண்ணத்தைத் தாக்குவதே காரணம். நெருப்பை வெளியே வைத்துப் புகைப்பவரும் தப்புவதில்லை. நோய் வேறிடத்தில் தோன்றும், அவ்வளவே. புகையிலைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பொது இடங்களில் புகைத்தலுக்கான தடை 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காந்தியடிகள் பிறந்தநாளில் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. ஜஹாங்கீர் தோற்ற இடத்தில் சட்டம் மெல்ல மெல்ல வென்று வருகிறது.

எங்களைத் திருத்தியது சட்டமன்று. வழக்கு நிகழ்ந்த மறு ஆண்டு, பெரியவர் பீமுனிப்பட்டினத்திற்கு வந்தார். தூண்டில் கொண்டு வந்தார். மரப்பெட்டியும் கொண்டு வந்தார். துண்டை விரித்துத் திரை பிடிக்க நாங்கள் எழுந்தோம். அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே சுருட்டு இல்லை. தூண்டில் முட்களும் ஈயக்குண்டுகளும் வரிசையாக இருந்தன. பல் வலிக்கு மருத்துவரிடம் சென்றபோது, கன்னத்தின் உட்புறம் ஒரு வெண்திட்டுக் காணப்பட்டதாகவும், அது புற்றாக மாறுமுன் கண்டுகொண்டமையால் தாம் பிழைத்ததாகவும், ஆறு மாதத்திற்கு ஒரு முறை காட்டி வர வேண்டும் என்றும் அமைதியாகச் சொன்னார். அன்று எங்களில் எவரும் புகைக்கவில்லை. அதன் பின்னும் புகைக்கவில்லை.

பெரியவர் அத்தோடு நிற்கவில்லை. மணலில் மீன் கூடையோடு அமர்ந்திருந்த அம்மூதாட்டியை நாடிச் சென்று, தெலுங்கில் பாட்டியை அழைக்கும் முறைப்படி ‘மாம்மா’ என்று அழைத்து, தம் கன்னத்தைத் தொட்டுக் காட்டி வெகுநேரம் பேசினார். அவர் முதலில் நகைத்தார். “ஐம்பது ஆண்டாக வைத்திருக்கிறேன், இன்னும் இருக்கிறேனே” என்றார். பின்னர்ச் சுட்டயை வாயிலிருந்து எடுத்து, கையில் வைத்துக்கொண்டே கேட்டார். அடுத்த பொங்கலுக்கு நாங்கள் சென்றபோது, மருமகள் துணையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வாயைக் காட்டி வந்ததாக அவரே வந்து சொன்னார். சுட்டயை முழுவதும் விட்டுவிட்டீர்களா என்று கேட்டதற்கு மட்டும் மறுமொழி கூறாமல், பெரியவர் தூண்டிலில் மாட்டியிருந்த ஒரே கிழங்கானைப் பார்த்து, “இதற்குத்தானா இத்தனை பேர்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சொல் பழையது என்பதற்காகப் பொருளையும் காக்க வேண்டும் என்பதில்லை. சுருட்டு என்னும் சொல் நம்முடையது. அதன் வரலாறு நம் பிள்ளைகள் அறியத்தக்கது. அதன் புகை அவர்களுக்கு வேண்டாம். அந்த மரப்பெட்டியின் மூடியில் உறையூர்ச் சுருட்டு என்னும் எழுத்துகள் உப்புக்காற்றில் மங்கியும் இன்னும் படிக்கத்தக்க நிலையில் இருக்கின்றன. வரும் தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிறன்று, பீமுனிப்பட்டினம் வர விரும்பும் அன்பர்கள் அதனை நேரில் காணலாம். தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் அதிலிருந்தே தருவோம். இரைக்கு வேண்டிய இறாலை மட்டும் அவரவர் வாங்கி வருக.